அடைக்கலமும் அங்காடியும்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

நபி (ஸல்) அவர்கள் கி.பி. 622இல் மதீனா வந்தபின், ஊரைத் துறந்து வந்த முஹாஜிர்களையும் மதீனத்து அன்சாரிகளையும் சகோதரர்களாக இணைத்து வைத்தார்கள். ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தமது செல்வத்தில் பாதியையே தர முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களோ, அவருக்காக துஆச் செய்துவிட்டு, கடைவீதிக்கு வழி மட்டும் கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தம் காலில் நின்றார்கள். ஈவோரின் பெருந்தன்மையும் ஏற்போரின் தன்மானமும் இங்கே ஒருங்கே விளங்குகின்றன.

1990 அக்டோபரில் இலங்கையின் வடபகுதி முஸ்லிம்கள் ஏறத்தாழ 75 ஆயிரம் பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தாருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரமே. புத்தளத்து மக்கள் பள்ளிவாசல்களையும் பள்ளிக்கூடங்களையும் திறந்து, சோறிட்டு ஆதரித்தனர். ஆண்டுகள் நீண்டபோதோ, வேலைக்கும் பள்ளி இடங்களுக்கும் போட்டி ஏற்பட்டு மனக்கசப்பும் எழுந்தது. முதல் வாரத்து இரக்கம் பத்தாம் ஆண்டிலும் நிலைத்திருப்பது எளிதன்று.

நமது திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டியிலேயே இலங்கைத் தமிழர் முகாம் உள்ளது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை சேர்க்கப்படவில்லை. ஆகவே இம்மண்ணிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலரும் குடியுரிமையின்றி நிற்கின்றனர். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு இம்மக்களுக்கு 7,469 புதிய வீடுகளை அறிவித்து, முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்றும் பெயர் மாற்றியது. 1984இல் சந்திரஹாசன் அவர்கள் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தில் முகாம் மக்களே தொண்டர்களாகி, தம் பிள்ளைகளின் கல்விக்கு உழைத்தனர்.

நம் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு ரமலானில் பழைய துணிகளை மூட்டைகளாகக் கட்டி அம்மக்களிடம் கொண்டு சென்றோம். ஒரு தாயார் பணிவுடன் சொன்னார்: "துணி இருக்குது ஐயா. மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிச்சிட்டா. காலேஜ் விண்ணப்பத்தை நிரப்பித் தர ஒருத்தரும் இல்லை." நாம் தலைகுனிந்தோம். அவர்கள் கேட்டது பாதிச் செல்வமன்று, கடைவீதிக்கு வழி.

'அவர்களுள் பெரும்பாலோர் நம் சமயத்தார் அல்லரே?' என்று சிலர் வினவுகின்றனர். அண்டை வீட்டாரின் உரிமைக்கு மார்க்கம் அப்படியொரு வரம்பு வகுக்கவில்லை. ஸதகாவையும் அனைவருக்கும் வழங்கலாம்.

எனவே மூன்று பணிகளை முன்வைக்கிறோம். படித்த இளைஞர்கள் கல்லூரி விண்ணப்பங்களுக்கு உதவட்டும். தொழிற்பேட்டையில் பணிபுரிவோர் வேலைவாய்ப்புச் செய்தியை அவர்களிடம் சேர்க்கட்டும். பேசிய கூலி முழுமையாகக் கிடைக்கிறதா என்றும் விசாரிக்கட்டும். முகாமுக்குள் செல்வதாயின் அதிகாரிகளின் அனுமதி பெற்றே செல்வோம். முக்கியமாக, ஓராண்டோடு நிறுத்திவிடாதிருப்போம்.

வேப்பம்பட்டிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ரயிலில் செல்வோர் வண்டி மாறித்தான் செல்ல வேண்டும். அச்சிறு சிரமத்தையேனும் நாம் ஏற்போமாக! வல்ல அல்லாஹ் நம்மை அன்சாரிகளின் வழியில் நடக்கச் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.