பழைய வண்டியை மீட்பது



ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் பேசப்பெறுவதே வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளோ துருவும் எண்ணெயும் படிந்தது. பழைய மோட்டார் வண்டியொன்றை வீட்டிலேயே மீட்டெடுப்பது எவ்வாறு, அதில் எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்பதே அப்பொருள். நம் குடியிருப்புக் கொட்டகைகளில் தார்ப்பாய் போர்த்தியபடி கிடக்கும் வண்டிகள் சில உண்டு. தந்தையார் வாங்கியது, பாட்டனார் ஓட்டியது என்று விற்க மனமின்றியும், ஓட்ட வகையின்றியும் அவற்றை வைத்திருக்கிறோம். நாம் முடிவு செய்யாவிடில் துரு முடிவு செய்துவிடும்.

விடுதலைக்குப் பிந்திய ஆண்டுகளில் நம் நாட்டுக் கார் வகைகள் விரல்விட்டு எண்ணத்தக்கவையாகவே இருந்தன. வங்கத்து உத்தரபாராவில் அம்பாசிடரும், பம்பாயில் ஃபியட்டும், சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டும் உருவாயின. ஹெரால்டு, பிரிட்டனில் 1959-இல் வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்டின் வழிவந்தது. இத்தாலியரான மிக்கெலொட்டி அதன் உருவத்தை அமைத்தவர். 1961 முதல் சென்னையில் செய்யப்பெற்ற இவ்வண்டிக்குப் பின்னர் பிரிட்டனிலேயே இல்லாத நான்கு கதவு வடிவமும் ஏற்பட்டது. நம்மைப்போல் சென்னையிலிருந்து புறப்பட்டு நாட்டின் பல நகரங்களிலும் குடியேறிய வண்டி என்று இதனைச் சொல்லலாம்.

வீட்டில் வேலை பழகுவோர்க்கு ஹெரால்டு ஏற்றது. அதன் உடற்கூடு தனி, அடிச்சட்டம் தனி. உடற்கூட்டின் பகுதிகள் போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டவை. பானட்டைத் திறந்தால் முன்பக்கம் முழுவதும் மட்கார்டுகளோடு முன்னோக்கிக் கவிழ்ந்துவிடும். 948 கன செ.மீ. எஞ்சினும் முன் சக்கரங்களும் கைக்கு எட்டும். அம்பாசிடரும் ஃபியட்டும் அவ்வாறல்ல. அவற்றில் உடற்கூடே சுமைதாங்கி. ஆதலின், கதவடிப் பட்டையிலும் தரையிலும் துரு ஏறினால் வண்டியின் முதுகெலும்பே நலிந்ததாகும். அவ்வேலையைத் தேர்ந்த டிங்கரிங் பட்டறைக்கு விடுவதே முறை.

அன்பர்களே! மீட்டல் வேறு, மாற்றல் வேறு. இருந்ததை இருந்தவாறே நிலைநிறுத்துவது மீட்டல். இல்லாததைச் சேர்ப்பதும் இருந்ததை நீக்குவதும் மாற்றல். இவ்வேறுபாடு வெறும் சுவை பற்றியதன்று. சட்டமும் இதனைக் கருதுகின்றது. 2021-இல் மைய அரசு வெளியிட்ட விதிகளின்படி, முதற் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த இருசக்கர, நாற்சக்கர வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகப் பதியலாம். ஆயின், வண்டி தன் மூல வடிவில் பேணப்பட்டிருத்தல் வேண்டும். அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாறுதல் செய்யப்பட்டிருத்தல் கூடாது. அவ்வாறு பதிவுற்ற வண்டியை அன்றாடப் போக்குவரவுக்கும் பயன்படுத்தலாகாது. மேலும், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் குறித்த அமைப்பினின்றும் வண்டி மாறுபடும்படி திருத்துவதைத் தடுக்கின்றது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. கூரையை அறுத்துத் திறந்த வண்டியாக்கும் ஆர்வலர், அறுத்தபின் வருந்துவதினும் அறுக்கும் முன் ஆராய்வது நன்று.

இனி, வேலையின் முறையைக் காண்போம். கழற்றுமுன் எல்லாப் பக்கமும் படம் எடுத்தல் வேண்டும். கழற்றிய போல்ட்டு, நட்டு, வாஷர்களைத் தனித்தனி டப்பாக்களிலிட்டுப் பெயர் எழுதி ஒட்டுதல் வேண்டும். வண்டியின் கீழே புகுவோர் ஜாக்கியை மட்டும் நம்புதல் கூடாது. செங்கல்லும் உடைந்துவிடும். எடை தாங்கும் இரும்புத் தாங்கிகளை வைத்து, அசைத்துப் பார்த்த பின்னரே உட்புகுதல் வேண்டும்.

நெடுநாள் உறங்கிய எஞ்சினைப் புது பாட்டரி வைத்து உடனே சுழற்றுதல் பெருந்தீங்கு. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எண்ணெய் விட்டு, ஒருநாள் ஊறவைத்துப் பின்னர்க் கையாலேயே மெல்லச் சுழற்றிப் பார்த்தல் வேண்டும். தொட்டியிலுள்ள பழைய பெட்ரோலை முழுதும் வடித்துவிடுதல் வேண்டும். பாட்டரியைப் பூட்டுமுன், அடிச்சட்டத்தோடு சேர்வது நேர்முனையா எதிர்முனையா என்று அறிதல் இன்றியமையாதது. அக்காலத்துப் பிரிட்டிஷ் அமைப்பு வண்டிகள் பலவற்றில் நேர்முனையே சேர்க்கப்பட்டிருந்தது.

எல்லாவற்றினும் முதன்மையானது பிரேக். வண்டி ஓடாவிடில் நட்டம் பணத்தோடு போகும். நில்லாவிடில் உயிரோடு போகும். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது. அவ்வீரம் சிலிண்டர்களை உள்ளிருந்தே அரிக்கும். அக்கால வண்டிகளில் நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெய் செல்லும் வழி பெரும்பாலும் ஒன்றே. ஓரிடத்தில் கசிந்தால் கால் பிரேக் முழுதும் போய்விடும். ஆகவே ரப்பர்களையும் குழாய்களையும் ஒருங்கே மாற்றுதல் தகும். டிரம்மிலுள்ள தூசியை ஊதுதல் கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு, அது நுரையீரலுக்கு நஞ்சு. ஈரத் துணியால் துடைத்து, பையிலிட்டுக் கட்டி அகற்றுக. டயர்களில் பள்ளம் மிகுந்திருப்பினும் வயதானவற்றை நம்பற்க. 2000-க்குப் பின் செய்யப்பெற்ற டயர்களின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் காணப்படும். முதலிரண்டு வாரத்தையும், பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும்.

அப்படியாயின், எதையுமே மாற்றலாகாதோ என வினவலாம். மாற்றலாம்; மாற்றியே ஆகவேண்டியனவும் உள. வண்டி அன்றிருந்தது, சாலையும் எரிபொருளும் அன்றிருந்தவையல்ல. 2000-ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் நிறுத்தப்பட்டது. பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகளுக்கு அந்த ஈயமே காப்பாக இருந்தது. எஞ்சினைப் பிரிக்கும்போதே கடினமான இருக்கைகளைப் பொருத்திவிட்டால் அக்குறை தீரும். பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கு 2025-இல் எட்டப்பட்டது. எத்தனால் பழைய ரப்பரைக் கெடுப்பது. ஆதலின், அதனைத் தாங்கும் குழாய்களை இட்டுக்கொள்ளுதல் அறிவுடைமை. வெடித்த மின்கம்பிகளை நீக்கிப் புதுக்கம்பியும் போதிய ஃப்யூஸ்களும் அமைத்தால் தீ விபத்து தவிரும். சீட் பெல்ட் இல்லாத வண்டிக்கு அதனைப் பொருத்துவதும் நன்றே. ஆனால் மெல்லிய தகட்டில் முடுக்கிய பெல்ட், வேண்டிய வேளையில் தகட்டோடு பிய்ந்து வந்துவிடும். வலுவான இடத்தில் தேர்ந்த கைகளே அதனைப் பொருத்தல் வேண்டும்.

இவற்றினின்று ஒரு விதியை வகுத்துக்கொள்ளலாம். உயிரைக் காக்கும் மாறுதலும், இன்றைய எரிபொருளுக்கு இன்றியமையாத மாறுதலும் ஏற்கத்தக்கவை. ஏனைய மாறுதல்கள், பின்னொருவர் விரும்பினால் பழையபடி ஆக்கத்தக்கவையாக இருத்தல் வேண்டும். பாயிண்டுக்கு மாற்றாக மின்னணு இக்னிஷன் வைத்தால் பழைய பாயிண்டை டப்பாவில் பத்திரப்படுத்துக. புதிய துளையிடாது, பழைய துளையைப் பயன்படுத்துக. கழிந்த எஞ்சின் எண்ணெயைக் குடியிருப்புச் சாக்கடையில் ஊற்றாது, எண்ணெய் சேகரிப்போரிடம் சேர்ப்பிக்க. வண்டி நமதாயினும், சாக்கடை அனைவர்க்கும் பொது.

இளைஞர்களே! இவ்வண்டிகளைக் காதால் கேட்டே குற்றம் அறியும் முதிய மெக்கானிக்குகள் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர். கார்புரேட்டரைத் திருகிச் சீராக்கும் விரல்நுட்பத்தை எந்த நூலும் முழுதும் உரைத்துவிடாது. அவர்களை அழையுங்கள், அருகில் நின்று கேளுங்கள், குறிப்பேட்டில் எழுதுங்கள். அக்குறிப்பேட்டை நம் தாய்மொழியிலேயே எழுதுங்கள். ஹெரால்டின் உதிரிப் பாகங்கள் பல இன்றும் பிரிட்டனிலிருந்து கிடைக்கக்கூடும். நம் ஊர்க் கைத்திறன் மறைந்தால் அதனைத் தருவிக்க எவ்வூருமில்லை.

தாய்மார்களுக்கும் ஒரு சொல். ஞாயிறுதோறும் வீட்டு ஆடவர் கொட்டகையே கதியென்று கிடப்பர் என அஞ்ச வேண்டா. ஸ்பானர் பிடிக்கும் கைகளில் ஆண் கை, பெண் கை என்னும் வேறுபாடில்லை. மகளையும் உடன் சேர்த்துக்கொண்டால் வேலை விரைவில் முடியும். வண்டிக்கு அடுத்த உரிமையாளரும் அப்பொழுதே அமைந்துவிடுவார்.

பழம்பொருளைப் பேணுதல் என்பது பழமையில் உறங்குவதன்று. முன்னோர் கைப்பட்டதை அறிந்து, குற்றம் களைந்து, அறுக்காமல் சிதைக்காமல் பின்னோர் கையில் ஒப்படைப்பதே பேணுதல். இவ்வாண்டு நம் குடியிருப்பில் ஒரு தார்ப்பாயாவது விலகட்டும்.