குழந்தைகள் ஆடட்டும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)

கடன், தவணை பற்றிப் பேசச் சொன்னால் மற்றவர்கள் என்னைவிட நன்றாகப் பேசுவார்கள். நான் பிள்ளைகளை ஆட்டம் பழக அனுப்புவது பற்றிப் பேசுகிறேன்.

எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திடலில் போன வருஷம் வள்ளி கும்மி வகுப்பு ஆரம்பித்தார்கள். சாயங்காலம் 7 மணி முதல் 8.30 வரை. என் மூத்தவள் அப்போது நாலாவது படித்தாள். வீட்டுக்கு யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். டீச்சர் பேர் கேட்டால்கூட வாய் திறக்க மாட்டாள். அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். பத்து நாள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு, "ஊட்டுக்குப் போலாம்மா" என்றே நின்றாள். அப்புறம் ஒருநாள் கடைசி வரிசையில் போய் நின்றாள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

கும்மியில் ஒருத்தி மட்டும் நன்றாக ஆடினால் போதாதுங்க. ஒரு பிள்ளை திரும்புகிற இடத்தில் தப்பினால் பக்கத்துப் பிள்ளை மேல் இடிப்பாள். பாட்டைக் காது கேட்கணும், எண்ணிக்கை மனசில் நிற்கணும், காலும் கையும் சேர்ந்து போகணும். அந்த ஒன்றரை மணி நேரம் செல்போன் ஞாபகமே கிடையாது. வீட்டுக்கு வந்தால் நல்ல பசி, நல்ல தூக்கம். இரண்டாவது மாதம் வாத்தியார் பாடினால் பதில் பாட்டை என் பிள்ளை சத்தமாகப் பாடுகிறாள்! அந்தக் குரல் அவளுடையதுதானா என்று எட்டிப் பார்த்தேன். கணக்கில் மார்க்கு ஏறியதா என்று நாத்தனார் கேட்டார். ஏறவில்லைங்க. ஆனால் தெரியாத கணக்கை இப்போது எழுந்து நின்று டீச்சரிடம் கேட்கிறாளாம்.

வகுப்பு ஆரம்பித்த புதிதில் கீழத்தெருப் பிள்ளைகள் திடல் ஓரத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் குழுவில் இரண்டு தெருப் பெண்களும் ஒரே பாயில் உட்கார்ந்துதான் பணம் எண்ணுகிறோம். பிள்ளைகளை மட்டும் எதற்குத் தள்ளி நிறுத்தணும்? குழுவாகப் போய் வாத்தியாரிடம் சொன்னோம், சேர்த்துக்கொண்டார். மூன்று வீட்டில் தங்கள் பிள்ளைகளை நிறுத்தினார்கள். ஒரு பிள்ளை அழுது அழுது திரும்பி வந்துவிட்டாள். மற்ற இரண்டு பேர் இன்னும் வரவில்லை.

என் மாமியாருக்கும் முதலில் பிடிக்கவில்லை. "பொட்டப்புள்ளைக்கு ஆட்டம் என்னத்துக்கு?" என்றார். கோவைப் பக்கத்துப் பத்திரப்பன் ஐயாவுக்கு வள்ளி ஒயில் கும்மிக்காக 2024-ல் பத்மஸ்ரீ விருது கொடுத்ததைச் சொன்னேன். ஆண்கள் ஆடிவந்த ஆட்டத்தைப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தவர், விருது அறிவித்தபோது அவருக்கு வயசு 87 என்றேன். மாமியார் பதில் பேசவில்லை. ஆனால் அரங்கேற்றத்தன்று எங்களுக்கு முன்னாடியே போய் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டார்.

அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வயிறு முட்டச் சாப்பிட்டதும் ஆட விடாதீங்க. சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு குதித்தால் குதிகால் வலிக்கும், மண் தரைதான் நல்லது. இருட்டில் பிள்ளைகள் தனியாக வரக்கூடாது என்று நாங்கள் நாளுக்கு இரண்டு அம்மாமார் முறை வைத்துப் போய்க் கூட்டி வருகிறோம்.

நான் எட்டாவது படிக்கையில் பள்ளி ஆண்டு விழாவுக்குக் கும்மி பழகினேன். விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது வயசுக்கு வந்துவிட்டேன். வீட்டில் நிறுத்திவிட்டார்கள். விழா அன்று திண்ணையில் உட்கார்ந்து மைக்செட்டில் வந்த பாட்டுக்கு நான் மட்டும் கை தட்டிக்கொண்டிருந்தேன். அம்மா பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஒன்றும் சொல்லவில்லை.

போன மாதம் எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை பெரிய மனுஷி ஆனாள். அவளையும் நிறுத்திவிட்டார்கள். நானும் ஊக்குநர் அக்காவும் இரண்டு தடவை போய்ப் பேசிவிட்டோம். அவள் அம்மாவும் நம் உறுப்பினர்தான், இங்கேதான் இருக்கிறார். பேர் சொல்லவில்லை. அக்கா, வெள்ளிக்கிழமை ஆறே முக்காலுக்கு நானே வந்து கூட்டிப் போகிறேன், எட்டரைக்கு நானே கொண்டுவந்து விடுகிறேன். பிள்ளையை அனுப்பி வைங்க.