பசியாறும் நேரமே பாடவேளை

   நேரே செய்திக்கு வருகிறேன்.

பாலர்பள்ளி ஆசிரியைகளான உங்களுக்கு அது பாதி தெரிந்ததுதான். நாலு முதல் ஆறு வயதுப் பிள்ளைக்கு நற்பண்பைத் தனிப் பாடமாக வைப்பதா, நாள் முழுக்கக் கரைத்து வைப்பதா? 2010இல் வந்து 2017இல் திருத்தப்பட்ட மலேசியாவின் தேசியப் பாலர்பள்ளித் தரநிலைக் கலைத்திட்டம், தன் ஆறு தூண்களில் ஒன்றை ஆன்மிகம், மனப்பான்மை, நற்பண்பு ஆகியவற்றுக்கு ஒதுக்கியது. முஸ்லிம் பிள்ளைகளுக்கு இஸ்லாமியக் கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறிக் கல்வி. அந்தத் தூணைப் பிடித்துக்கொண்டு என் நண்பர்கள் சிலர் மாதம் ஒரு பண்பு என்று அட்டவணை போட்டுவிட்டார்கள். ஜனவரியில் நன்றி, பிப்ரவரியில் பொறுமை. மார்ச்சில் அடித்துக்கொள்ளும் பிள்ளைகளிடம், பொறுமை போன மாதமே முடிந்துவிட்டது என்றா சொல்வது? கருத்தரங்குகளில் கேட்டால் சிரித்துவிட்டுத் தேநீருக்குப் போய்விடுவார்கள். இன்று ஒலிவாங்கி என் கையில்.

நாள் முழுக்கக் கரைத்து வைப்பது எப்படி என்று காட்டுகிறேன். அரசாங்கப் பாலர் வகுப்பில் 25 பிள்ளைகள் வரை, ஓர் ஆசிரியை, ஓர் உதவியாளர். பசியாறல் அங்கேயே. அந்தப் பசியாறல் அரைமணியைப் பாருங்கள். குழாயடியில் வரிசை. ஒருத்தி சவர்க்கார நுரையை ரசித்துக்கொண்டு நிற்கிறாள். பின்னால் இருப்பவன் முழங்கையால் இடிக்கிறான். அதட்டினால் வரிசை சீராகும், அவ்வளவுதான். “உனக்குப் பின்னால எத்தனை பேர் நிக்கிறாங்க, எண்ணிப் பாரும்மா” என்றால் கணக்கும் வரும், அடுத்தவன் காத்திருப்பதும் கண்ணில் படும். அன்றைக்குப் பொரித்த மீகூன், அவித்த முட்டை. முறை வந்த இருவர் தட்டு வைக்கிறார்கள். ஒரு தட்டு மிஞ்சுகிறது. யார் வரவில்லை என்று தேடுகிறார்கள். வராத பிள்ளையை நினைக்க வைக்கும் பயிற்சிப் புத்தகம் எதையும் நான் பார்த்ததில்லை. மீகூனைப் பிள்ளையே எடுத்துப் போட்டுக்கொள்ளட்டும். முதல் நாள் குவிப்பான், பாதி மிஞ்சும். திட்டாமல், நாளைக்கு எவ்வளவு போதும் என்று கேட்டால் சில நாளில் அளவு பிடிபடும். புரட்டாசியில் சிலர் முட்டையைத் தொடமாட்டார்கள். ஜெபம் செய்துவிட்டுச் சாப்பிடும் வீட்டுப் பிள்ளை ஏன் என்று கேட்பாள். “சாமிக்கு.” உடனே அந்த முட்டை அவள் தட்டுக்கு மாறும். சமய நல்லிணக்கத்துக்கு இதைவிடச் சுருக்கமான பாடம் கிடையாது.

கடைசியில் தட்டு கழுவுதல். கோளாறு இங்கேதான். நேரமாகிறது என்று உதவியாளர் அக்கா எல்லாத் தட்டையும் அள்ளிக்கொண்டு போய்விடுகிறார். தன் எச்சில் தட்டை எடுக்க வேறு ஆள் உண்டு என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. அதன்பின் உழைப்பை மதிக்கச் சொல்லிச் சுவரில் ஒட்டி என்ன பயன்?

இது புதிய யோசனை அல்ல. கல்வியாளர் மொந்தெசோரி 1907இல் ரோமின் சான் லொரென்சோ குடியிருப்பில் தொடங்கிய பள்ளியிலும் கைகழுவுவது பாடம்தான். அமெரிக்காவில் 1962இல் தொடங்கிய பெரி பாலர்பள்ளி ஆய்வு 123 பிள்ளைகளை இரு குழுவாக்கி, ஒரு குழுவை மட்டும் பாலர்பள்ளிக்கு அனுப்பியது. பள்ளிக்குப் போனவர்களின் அறிவுத்திறன் முன்னிலை சில ஆண்டுகளில் கரைந்தது. ஆனால் நாற்பது வயதில் வருமானத்திலும் கைதாவதிலும் வேறுபாடு நின்றது. அந்தப் பள்ளியில் பிள்ளைகள் தம் வேலையைத் தாமே திட்டமிட்டு, செய்து, பிறகு பேசினார்கள். அட்டவணை நண்பர்கள் இதே ஆய்வை மேற்கோள் காட்டுவதுதான் வேடிக்கை.

அப்படியானால் பண்பை எப்படி மதிப்பிடுவது? பண்புக்கு நட்சத்திரம் ஒட்டுவதை நிறுத்தலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரம் ஒரு வரிக் குறிப்பு போதும்.

இனிச் செய்ய வேண்டியவை. 2026க்கான புதிய பாலர்பள்ளிக் கலைத்திட்டத்தில் பசியாறலுக்கு என்ன இடம் என்று யாராவது பழையதோடு ஒப்பிட வேண்டும். உதவியாளர்களுக்கும் பயிற்சி வேண்டும். கேரித் தீவு, ஜுக்ரா பக்கத் தோட்டங்களில் பிரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, போன தாய்மார் பிள்ளைகளை விட்டுச்சென்ற ஆயாக்கொட்டகைகளில் பசியாறல் எப்படி நடந்தது என்று, அங்கே வேலை பார்த்த பாட்டிமார் இருக்கும்போதே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். சாப்பாடு வீட்டிலிருந்து வரும் தனியார் பாலர்பள்ளிகளின் கதை வேறு; அதைத் தனியே பார்க்க வேண்டும். ஆத்திசூடியை மனப்பாடம் செய்ய வைப்பது பற்றிய வழக்கை அடுத்த ஆண்டு இந்த மேடையில் பேச வருபவருக்கு விட்டுவிடுகிறேன்.