கூடிச் செய்வதே கொண்டாட்டம்

(பட்டிமன்றத் தலைப்பு: பண்டிகைக் காலத்தில் குடும்பத்துக்குப் பெரிதும் மகிழ்ச்சி தருவது வாங்கி மகிழ்வதா? கூடிச் செய்வதா?)

பெருமதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் புதுச்சட்டையின் விலைச்சீட்டைக்கூடக் கிழிக்காமல் வந்து அமர்ந்திருக்கும் நண்பர்களே, என் அணித் தோழர்களே, வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் பெருமக்களே!

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் ஒரு கேள்வி கேட்டார். “ஐப்பசி மாசம் அடைமழை. எத்தனை நேரம் அடுப்படியில் நிற்பது? ஒரு போன் பண்ணினால் முறுக்கு வருகிறது, அதிரசம் வருகிறது. மிச்சமாகிற நேரத்தில் குடும்பத்தோடு நிம்மதியாக உட்காரலாமே” என்றார். நியாயமான கேள்விதான். நின்று நின்று கால் வீங்கியது பெண்களுக்குத்தான். நான் மறுக்கவில்லை. ஆனால் அம்மா, முறுக்கு வந்துவிட்டது, குடும்பம் வந்து உட்கார்ந்ததா? அப்பா ஓர் அறை, பிள்ளை ஓர் அறை, ஆளுக்கொரு கைப்பேசி. ஒன்றோடொன்று நெருங்கி உட்கார்ந்திருப்பது டப்பாவில் இருக்கிற முறுக்கு மட்டும்தான்! (சிரிப்பு, கைதட்டல்)

அந்தத் தாய் அடுப்படியில் நின்றது குற்றமில்லை நடுவர் அவர்களே. தனியாக நின்றாரே, அதுதான் குற்றம். அந்தக் குற்றத்தைச் செய்தவர்கள் நாங்கள், ஆண்கள். கடையில் வாங்கிக் கொடுத்து அந்தக் குற்றத்தை மூடப் பார்க்கிறது எதிரணி. நாங்கள் கூடப் போய் நில் என்கிறோம். இதுதான் இரண்டு அணிக்கும் வேறுபாடு.

தமிழன் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்தான். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். மேலை நாட்டில் இந்த மாதங்களில் இலை உதிரும். நமக்கு மழை உதிரும், வாடை அடிக்கும். அந்த வாடையை வைத்துத்தான் நக்கீரர் நெடுநல்வாடை பாடினார். அதிலே ஓர் அரசி வருகிறாள். அவளுக்கு என்ன குறை? யானைத் தந்தத்தில் கால் வைத்த கட்டில் உண்டு, மெத்தை உண்டு, பணிப்பெண்கள் உண்டு. வாங்கக்கூடிய அத்தனையும் அரண்மனையில் இருக்கிறது. ஆனால் அரசி கண்ணீர் விடுகிறாள். ஏன்? கணவன் பாசறையில் இருக்கிறான். நம் எதிரணித் தலைவர் அந்தக் காலத்தில் இருந்திருந்தால், “அழாதே அம்மா, இன்னொரு கட்டில் வாங்கித் தருகிறேன்” என்றிருப்பார்! (சிரிப்பு)

கூடிச் செய்கிற பண்டிகைப் பொருள் ஒன்று சொல்லட்டுமா? கார்த்திகைக்குச் சுற்றுகிற மாவளி. ராமநாதபுரம் பனைச் சீமை. அந்தப் பக்கத்துப் பெரியவர்களைக் கேளுங்கள். ஆண் பனையின் பூவைக் குழியிலே போட்டுக் கரியாக்க வேண்டும். அதை இடித்துப் பொடியாக்க ஒருவர், துணியிலே சுருட்டிக் கட்ட ஒருவர், பனை மட்டையைப் பிளந்து கொடுக்க ஒருவர். கயிற்றிலே கட்டி, நெருப்பு வைத்துச் சுற்றினால் பூப்பூவாய்ப் பொறி கொட்டும். சுற்றுவது என்னவோ பேரன்தான். ஆனால் அந்த வெளிச்சத்திலே தாத்தா இருக்கிறார், சித்தப்பா இருக்கிறார், அத்தை இருக்கிறார். ஆயிரம் வாலாவிலே யார் இருக்கிறார்கள்? பில் போட்டவர் இருக்கிறார்! (கைதட்டல்)

நடுவர் அவர்களே, ‘கோடி’ என்ற தமிழ்ச் சொல்லுக்கு மூன்று பொருள் உண்டு. ஒன்று எண். இரண்டு புதுத்துணி. மூன்று கடைசி, முனை. பணமும் புதுத்துணியும் எதிரணிக்கே இருக்கட்டும். எனக்கு மூன்றாவது கோடி போதும். தனுஷ்கோடி. வில்லின் முனை. கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்பார்கள். கூடி வாழ்வது என்றால் என்ன என்பதை நான் அந்தக் கோடியிலேதான் கண்டேன்.

சென்ற ஐப்பசியில், தீபாவளி விடுமுறைக்கு, மனைவியையும் எட்டாம் வகுப்புப் படிக்கும் இளைய மகளையும் அழைத்துக்கொண்டு ராமேஸ்வரம் போனேன். அங்கிருந்து தனுஷ்கோடி. 2017க்குப் பிறகு அரிச்சல்முனை வரை நல்ல சாலை. இரண்டு பக்கமும் கடல். வழியிலே இடிந்த தேவாலயம். 1964 டிசம்பர் 22, நள்ளிரவு. புயலும் கடலும் சேர்ந்து வந்து ஓர் ஊரையே கொண்டு போன இடம். பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயில், நூற்றுக்கும் மேற்பட்ட மனிதர்களோடு அலைக்குள்ளே போய்விட்டது. இனி இது வாழத் தகுந்த இடமல்ல என்று அரசாங்கம் அறிவித்தது. ஆனாலும் மீனவக் குடும்பங்கள் திரும்பி வந்தன. குடிசை போட்டன. கடலுக்கு நாலடி தள்ளி மணலைக் கையாலே தோண்டி நல்ல தண்ணீர் எடுத்தன.

நான் போன அன்று ஒரு குடும்பம் சாமான்களைத் தலையிலே சுமந்துகொண்டு ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு வயதான அம்மாவிடம், “ஏன் ஆத்தா, வீடு மாத்துறீங்களா?” என்று கேட்டேன். “காத்து மாறிப்போச்சுய்யா. வாடை வந்தா வடகடல் சீறும். தென்கடல் அடங்கிக் கிடக்கும். அதான் கரை மாறுறோம்” என்றார். நக்கீரர் பாடிய வாடை! நான் முப்பது வருஷம் கரும்பலகையிலே எழுதிப் போட்ட வாடை! அந்த அம்மாவுக்கு அது பாடமில்லை, பிழைப்பு. நான் வாயை மூடிக்கொண்டேன். என் மனைவிக்கு அதுவே பெரிய ஆச்சரியம். (சிரிப்பு)

தென்கரையிலே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். படகிலே போய் வலையை வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் கரையிலிருந்து இரண்டு வரிசையாக நின்று இழுக்க வேண்டும். அம்பா பாடிக்கொண்டு இழுக்கிறார்கள். அண்ணன் தம்பி, மாமன் மச்சான், பெண்கள், எல்லாரும் கயிற்றிலே. கரைவலை ஓர் ஆள் இழுத்தால் வராது நடுவர் அவர்களே. கோடீஸ்வரனாக இருந்தாலும் வராது. (கைதட்டல்)

அந்த அம்மா என் மகளைப் பார்த்து, “வா தாயி, நீயும் பிடி” என்றார். அதுவரை கைப்பேசியிலே படம் எடுத்துக்கொண்டிருந்தவள், அதை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்க் கயிற்றைப் பிடித்தாள். அரைமணி நேரம் இழுத்தாள். உள்ளங்கை சிவந்துவிட்டது. வலையிலே வந்தது என்னவோ கொஞ்சம் சாளையும் காரலும்தான். அதிலே ஒரு கை அள்ளி அவளிடம் கொடுத்தார்கள். காசு கொடுக்கப் போனேன். “இழுத்த கைக்குப் பங்குய்யா, இதுக்கு யாராவது காசு வாங்குவாங்களா?” என்று சிரித்தார் அந்த அம்மா.

அந்தத் தீபாவளிக்கு மகளுக்கு மூவாயிரம் ரூபாய்க்குச் சுடிதார் எடுத்திருந்தேன். அதன் நிறம் எனக்கே மறந்துவிட்டது. ஆனால் பள்ளி திறந்த அன்று தோழிகளிடம் அவள் சொன்னது, “நான் வலை இழுத்தேன்டி, எனக்குப் பங்கு கொடுத்தாங்க” என்பதுதான்.

அப்போது எனக்கு என் அம்மா ஞாபகம் வந்தது. அதிரசப் பாகு பதம் பார்க்க நேரமிருக்காது. ஒருவர் மாவு கொட்ட வேண்டும், ஒருவர் கிளற வேண்டும். சிறு வயதில் மாவு கொட்டும் ஆள் நான். அப்புறம் பேராசிரியர் ஆனேன், மேடைப் பேச்சாளர் ஆனேன். ஊருக்குப் போக நேரமில்லை. ஒரு வருஷம் தீபாவளியன்று சாயங்காலம் ஒரு கிலோ நெய் இனிப்போடு போய் நின்றேன். அம்மா ஒன்றை எடுத்து வாயில் போட்டார். “நல்லாத்தான் இருக்குப்பா. அதிரசம் இந்த வருஷம் போடல. மாவு கொட்ட ஆள் இல்ல” என்றார். குறையாகச் சொல்லவில்லை. செய்தியாகச் சொன்னார். அடுத்த தீபாவளிக்கு அம்மா இல்லை.

நடுவர் அவர்களே, கடையிலே எல்லாம் கிடைக்கும். மாவு கொட்ட ஆள் கிடைக்காது. இந்த வருஷம் எங்கள் வீட்டில் பாகு கிளறுவது நான். மாவு கொட்டுவது என் மகள். அதிரசம் கல்லாகவும் வரலாம். பாதிப் பல் போனாலும் பரவாயில்லை, வீட்டிலே எல்லாரும் ஓரிடத்தில் இருப்போம்.

வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கும் பெரியோர்களே, இப்போது விளம்பரம் வரும். அந்த ஐந்து நிமிஷம் அடுப்படியில் யாராவது தனியாக நிற்கிறார்களா என்று எட்டிப் பாருங்கள். நின்றால், போய்க் கயிற்றின் ஒரு முனையைப் பிடியுங்கள். பண்டிகையின் மகிழ்ச்சி கூடிச் செய்வதிலேதான் என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களை வேண்டி அமைகிறேன். (கைதட்டல்)