பொன்னியின் செல்வனுக்குப் பிறகு



கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகத்தையும் முடித்துவிட்டு, “ஐயா, அடுத்து என்ன படிக்கலாம்?” என்று கேட்பவர்கள் நம் ஜொகூர்த் தோட்டங்களிலும் உண்டு. வந்தியத்தேவனைவிட்டுப் பிரிய மனசு வராது. அதே ருசியில் இன்னொன்று கேட்கும். தப்பே இல்லை. அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’ இருக்கிறது. அருள்மொழிவர்மனின் மகன் இராஜேந்திரன் கதை. 1963-இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றது. சாண்டில்யனின் ‘கடல் புறா’வும் உண்டு. அதில் வரும் கடாரம் எங்கேயோ இல்லை, நம்ம கெடாதான்!

ஆனால் அங்கேயே நின்றுவிட்டால், வரலாறு என்பது ராஜாக்கள் சமாசாரம், நமக்கென்ன என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள். அதே அகிலன் மலேசியாவை வந்து பார்த்து, ‘பால்மரக் காட்டினிலே’ எழுதினார். அரண்மனை கிடையாது, நம் தோட்டத்து ஜனங்கள்தான்.

அடுத்து, ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’. 1942, 43-இல் ஜப்பான்காரன் போட்ட 415 கிலோமீட்டர் தண்டவாளத்துக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. சோழர் கதை எழுதக் கல்கிக்குக் கல்வெட்டும் செப்பேடும் இருந்தன. நம்மவர்களுக்கோ, திரும்பி வந்தவர்கள் வாய்விட்டுச் சொன்னதுதான் பெரும்பாலும். சொன்னவர்களும் போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கு இந்தப் புத்தகம் கனம். பெற்றோர் முதலில் படித்து, கதையாகச் சொல்லுங்கள். குடும்பத்தில் யாராவது சயாமுக்குப் போயிருந்தால், வீட்டுப் பெரியவர்களிடம் பெயரையும் தோட்டத்தையும் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.