இசைத்தமிழ் மீட்ட தஞ்சைப் பேராசான்



ஓர் இனத்தை அடிமை கொள்ள விழைவார் முதற்கண் அதன் பாட்டைப் பறிப்பர். பாடும் வாய் பிறமொழியிற் பழகிவிடின், பேசும் வாயும் நாளடைவில் தன்னை மறக்கும். தமிழகத்து இசையரங்குகளில் தெலுங்கும் வடமொழியுமே கோலோச்சிய காலத்தில், தஞ்சைத் தமிழ் மருத்துவர் ஒருவர், 'இவ்விசையின் வேர் எங்குளது?' என வினவி, விடை காண்பதற்கே தம் வாழ்வையும் பொருளையும் ஈந்தார். அவரே ஆபிரகாம் பண்டிதர்.

தென்காசிக்கு அணித்தாகிய சாம்பவர் வடகரையில் 1859-இல் பிறந்தார். ஆசிரியப் பணி புரிந்தார். சுருளிமலையில் கருணானந்தர் என்னும் சித்தரிடம் மருத்துவ நுட்பங்களைப் பெற்றார். அம்மருந்துகள் அவர்க்குப் பெரும்பொருள் ஈட்டித் தந்தன. ஈட்டிய பொருளைப் பேழையிற் பூட்டினாரல்லர். இசைக்கே வாரி வழங்கினார்.

1912-இல் தஞ்சையில் இசைக்கென ஒரு கழகம் நிறுவினார். சங்கீத வித்தியா மகாசன சங்கம் என்பது அதன் பெயர். 1916 வரை மாநாடுகள் பலவற்றைத் தம் செலவிலேயே கூட்டினார். பாட்டு வல்லாரும் கருவி வல்லாரும் ஓரவையில் அமர்ந்து இசையிலக்கணத்தைச் சொல்லாடினர். குடிச்சொத்தெனப் பொதிந்து வைக்கப்பட்ட அறிவு பொதுமன்றிற்கு வந்தது. தாம் கற்றதைப் பிறர்க்கு உரைப்பதோடு அமையாது, கற்றாரையெல்லாம் ஒருவர்க்கொருவர் ஆசானாக்கியவரைப் பேராசான் என்னாது வேறென்னென்பது?

அந்நாளில் ஒரு நிலைக்கு 22 சுருதி என்பதே வடநூல் வழிவந்த கோட்பாடு. பண்டிதரோ சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் துணைக்கொண்டு 24 என்றார். குரலினின்று இளியைக் காண்க; அவ்விளியையே குரலாகக் கொண்டு அதன் இளியைக் காண்க; இங்ஙனம் 12 முறை செல்லின் வட்டம் நிறைந்து தொடங்கிய நரம்பையே எய்தும்; அப்பன்னிரண்டும் இவ்விரண்டாய்ப் பகுபட 24 அலகாம் என்பது அவர் முடிபு. 1916-இல் பரோடாவில் நடந்த அனைத்திந்திய இசைமாநாட்டில், தம் மகளிரைக் கொண்டு பாடியும் இசைத்தும் காட்டி இதனை நிறுவ முயன்றார். மறு ஆண்டு, 1917-இல், ஆயிரம் பக்கங்களுக்கும் மேற்பட்ட 'கருணாமிர்த சாகரம்' வெளிவந்தது.

அவர் முடிபை அறிஞர் அனைவரும் ஒப்பினாரல்லர். 1947-இல் வெளிவந்த விபுலாநந்த அடிகளின் யாழ்நூல் 22 அலகே கொண்டது. ஆயினும், முடிபால் வேறுபட்ட இருவரும் காலூன்றிய நிலம் இளங்கோவடிகளின் சிலம்பே. ஒருவர் கிறித்தவர், ஒருவர் ஈழத்துத் துறவி. சமயத்தாற் பிரிந்து நிற்பாரையும் தமிழ் ஒன்றுபடுத்தும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பண்டிதர் நூலின் பெயரும் நடையும் வடசொல் மிக்கனவாயிற்றே எனத் தனித்தமிழ் அன்பர் சிலர் முகஞ்சுளிப்பதுண்டு. அவர்கள் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கம் தோற்றுவித்தது 1916-இல். பண்டிதர் ஆராய்ச்சியோ அதற்குப் பல்லாண்டுகட்கு முன்பே தொடங்கியது. அவர் கைக்கொண்ட மண்வெட்டி அக்கால நடை; அகழ்ந்தெடுத்த புதையல் நம் முன்னோர் செல்வம். மண்வெட்டியின் துருவைக் காட்டிப் புதையலை மண்ணுள்ளேயே விடுதல் மதியாகுமா? துருவைத் துடைத்து, அவர் கருத்தைத் தூய தமிழில் வடித்துத் தருதல் அவர் வழிவந்தார் கடன்.

அறுபது அகவை நிறைந்த 1919-இல் பண்டிதர் மறைந்தார். 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கூடிய தமிழிசை மாநாட்டையோ, 1943-இல் சென்னையில் எழுந்த தமிழ் இசைச் சங்கத்தையோ அவர் கண்டாரல்லர். விதைத்தவர் அவர், அறுவடை பிறர்க்காயிற்று.

அப்பெருமகனுக்குச் சிலை எடுத்தலும் மாலை சூட்டலும் மட்டும் போதா. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் எனும் ஏழு பெயரையும் நம் பிள்ளைகள் அறிவரோ? சுரம் என்பார் நரம்பென்க. சுருதி என்பார் அலகென்க. இராகம் என்பார் பண்ணென்க. இசை பயிற்றும் ஒவ்வோர் இல்லத்திலும் முதற்பாடம் தமிழ்ப்பெயரால் தொடங்குக. மன்றல் வீட்டிலும் கோயில் முன்றிலிலும் தமிழ்ப்பாட்டே முதலிடம் பெறுக. இவை செய்தற்குப் பொருள் வேண்டா. மானம் ஒன்றே வேண்டும்.

பேராசான் பண்டிதர் புகழ் நிலைக்க! இசைத்தமிழ் வெல்க!