வாயுச் சுடரும் வண்டித் தொழிலும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பிழைப்பை நாடி வந்து, ஆலைச் சங்கொலிக்கு விழித்தெழும் குடும்பங்கள் நாம். நம் பிள்ளைகள் பலர் பொறியியல் பயில்கின்றனர். மாணவர் தாமே கட்டிய வண்டிகளை ஓட்டும் பாஹா போட்டி மத்தியப் பிரதேசத்துப் பீதம்பூரில் 2007ஆம் ஆண்டு தொடங்கியது. அதைக் கண்ட இளைஞர்க்கு வீட்டுக் கொல்லையிலேயே ஒரு கார் கட்டிப் பார்க்கும் ஆசை பிறத்தல் இயல்பே. அவ்வாசையை நாம் வரவேற்கிறோம். ஆயினும், இரும்பை இணைக்கும் தீயின் இயல்பை அறிந்த பின்னரே அதனைக் கையில் எடுத்தல் வேண்டும்.

அசிட்டிலீன் வாயுவைப் பிராணவாயுவுடன் கலந்து எரித்தால் 3,000 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட வெப்பம் உண்டாகும் என்பதை, பிரெஞ்சு அறிஞர் லெ ஷாத்தலியே 1895ஆம் ஆண்டு கண்டறிந்தார். எஃகு உருகுவதற்கு ஏறத்தாழ 1,500 டிகிரி போதும். இன்று மின்சார வெல்டிங் பெருகிவிட்டது. எனினும் பயில்வோர்க்கு வாயுச் சுடரே நல்லாசான். ஒரு கை சுடரைப் பிடிக்க, மறு கை கம்பியை ஊட்டும். உருகிய இரும்புக் குட்டை கண்ணெதிரே தெளிவாய்த் தெரியும்.

சுடரின் உட்கூம்பு கூர்மையான விளிம்புடன் விளங்கினால் இரு வாயுக்களும் சமநிலையில் உள்ளன. அசிட்டிலீன் மிகுந்தால் கூம்பைச் சுற்றி இறகு போன்ற ஒளி தோன்றும். கரி சேர்ந்து இணைப்பு நொறுங்கும் தன்மை பெறும். பிராணவாயு மிகுந்தால் கூம்பு குறுகிச் சீறும். இரும்பு எரிந்து கெடும்.

வெட்டுதல் வேறு வித்தை. அங்கே இரும்பு உருக்கப்படுவதில்லை, எரிக்கப்படுகிறது. ஓரத்தைச் செக்கச் சிவக்கக் காய்ச்சிப் பிராணவாயுவைப் பீய்ச்சினால், இரும்பே விறகாகி எரிந்து கசடாய் வெளியேறும். அலுமினியத்தை இவ்வாறு வெட்ட இயலாது. அவ்வுலோகம் 660 டிகிரியில் உருகும். அதன் மேற்படலமோ 2,000 டிகிரிக்கு மேலும் உருகாது நின்று தடுக்கும்.

தாய்மார்களும் அறிய வேண்டிய சில உண்டு. அசிட்டிலீன் சிலிண்டரைப் படுக்க வைத்துப் பயன்படுத்தலாகாது. உள்ளிருக்கும் அசிட்டோன் திரவம் வெளியேறும். ரப்பர்க் குழாயில் அதன் அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 15 இராத்தலைத் தாண்டலாகாது. தாண்டினால் தானே வெடிக்கக்கூடும். பிராணவாயுக் குமிழில் எண்ணெய்க் கை படலாகாது. காலியான பெட்ரோல் தொட்டியில் சுடர் வைக்கவே கூடாது. எஞ்சிய ஆவி வெடிக்கும்.

அனைத்தினும் முதன்மையானது ஒன்றுண்டு. வண்டியின் அடிச்சட்டத்தைத் தொடுமுன், அதே கனமுள்ள கழிவுத் துண்டுகளை இணைத்து, வைஸில் பற்றி, வளைத்து முறித்துப் பார்க்க வேண்டும். இணைப்பு பிளந்தால் பயிற்சி போதாது. இணைப்பு நிற்க, பக்கத்து இரும்பு முறிந்தால் கை தேறிவிட்டது. மேலே அழகாய் வழிந்த இணைப்பு உள்ளே ஒட்டாதிருக்கலாம். அதன் மேல் அமர்ந்து செல்வது நம் பிள்ளையின் உயிர். முறைப்படி பதிவு பெறாத வண்டி பொதுச் சாலைக்கு உரியதன்று என்பதையும் மறவற்க.

ஆலையில் இத்தொழில் கற்றுத் தேர்ந்த பெரியோர் நம் குடியிருப்பிலேயே இருக்கின்றனர். விடுமுறை நாட்களில் அவர்கள் முன்வந்து இளைஞர்க்குக் கற்பிப்பார்களாயின், அதுவே இவ்விழாவின் பெரும்பயன் எனக் கருதுகிறோம்.